ஊர்க் கண்மாயைக் காப்பாற்ற முதலில் எந்தக் காகிதத்தை எடுக்க வேண்டும்?

நாங்கள் முதலில் மரம்தான் நட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் சேர்ந்து கண்மாய் ஓரமாக 300 கன்று வைத்தோம், படம் எடுத்துக்கொண்டோம், புளியோதரை சாப்பிட்டோம். மூன்றாம் மாதம் ஒருவர் வந்து, "இதெல்லாம் என் பட்டா இடம்" என்று காகிதத்தை நீட்டினார். பதிலுக்கு நீட்ட எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாலு மாதம் தாலுகா அலுவலகத்துக்கும் ஊருக்கும் நடந்து கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களாவது கன்றைக் கடைசியாக வாங்குங்கள்.

இது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கான வழி. எங்கள் பக்கம் சிவகங்கைச் சீமை என்பதால் கண்மாய் என்றே எழுதுகிறேன். உங்கள் ஊரில் காக்க வேண்டியது ஏரியோ, ஊரணியோ, மேய்க்கால் நிலமோ, கோயில்காடோ, எதுவானாலும் முக்கால்வாசி வழி இதேதான்.

1. சர்வே எண்களை எடுங்கள் (செலவு இல்லை, ஒரு மாலைப் பொழுது)

வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரமும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பும் வகையும் எழுதிய கிராமக் கணக்கு) புலப்படமும் (அந்த எண்ணின் எல்லையை அளவோடு வரைந்த படம்) கிடைக்கும். பணம் கட்ட வேண்டாம். எண் தெரியாவிட்டால், கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு டிஎன்ஜிஐஎஸ் எனப்படும் தமிழ்நாடு அரசின் இணைய வரைபடத்தைப் போனில் திறந்து, நிற்கும் இடத்தைத் தொடுங்கள். சர்வே எண் வந்துவிடும்.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன. மூன்றிலும் நான் விழுந்தேன்.

முதலாவது, அளவு. 'அ' பதிவேட்டில் பரப்பு 14.22.50 என்று இருந்தது. நான் அதை 14 ஏக்கர் 22 சென்ட் என்று படித்து, மனுவிலும் அப்படியே எழுதிவிட்டேன். பதிவேட்டில் இருப்பது ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், அதாவது எங்கள் கண்மாய் 35 ஏக்கர். "தாங்கள் குறிப்பிட்ட பரப்பைவிடக் கூடுதலாகவே நீர்ப்பரப்பு உள்ளது, ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை" என்று பதில் வந்தது. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்த ஒரு வரியால் நாலு மாதம் போனது.

இரண்டாவது, வரத்துக்கால். கண்மாய்க்கு ஒரு சர்வே எண்ணும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு வேறு எண்களும் இருக்கும். எங்களுக்கு அது ஆறு எண், அதில் இரண்டு பக்கத்து வருவாய்க் கிராமத்தில். கண்மாயை மட்டும் மீட்டு வாய்க்காலை விட்டுவிட்டால், சுத்தமான வெறும் பள்ளம்தான் மிஞ்சும். கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்) வழியாக வெளியேறும் தண்ணீர் எந்த எண் வழியாகப் போகிறது என்றும் பாருங்கள். அதை அடைத்தால் அடுத்த மழைக்குக் கரை உடையும்.

மூன்றாவது, வகைப்பாடு. 'கண்மாய்', 'ஓடை', 'வாய்க்கால்', 'மேய்க்கால்', 'மந்தைவெளி' என்று இருந்தால் நல்லது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருந்தால் கவனம் தேவை. ஊர் ஆடு மாடெல்லாம் நூறு வருடமாக அங்கே மேய்ந்திருந்தாலும், காகிதத்தில் அது அரசு யாருக்கு வேண்டுமானாலும் ஒதுக்கக்கூடிய தரிசு. கிழக்குப் பக்கம் நாங்கள் மேய்ச்சல் என்று நினைத்திருந்த 9 ஏக்கர் அப்படித்தான் இருந்தது. அதை மேய்க்காலாக மாற்றச் சொல்லும் மனுவைத் தனியாகக் கொடுங்கள், கண்மாய் மனுவோடு கலக்காதீர்கள்.

2. பழைய கணக்கைத் தகவல் உரிமையில் கேளுங்கள் (10 ரூபாய், 30 நாள்)

இணையத்தில் இருப்பது யு.டி.ஆர். எனப்படும், 1980களில் திருத்தி எழுதிய கணக்கு. அந்தச் சமயத்தில் சில ஊர்களில் புறம்போக்கு பட்டாவாகியிருக்கிறது, சர்வே எண்ணும் மாறியிருக்கிறது. அதனால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டு நகலும் பழைய புலப்படமும் வேண்டும். பட்டாக்காரர் நீட்டிய காகிதத்துக்கு எங்களுக்குக் கிடைத்த பதில் அதில்தான் இருந்தது. அவருடைய இடத்தில் பாதி, பழைய கணக்கில் 'கண்மாய்' என்றே இருந்தது.

விண்ணப்பத்தை 'பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம்' என்று எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் காரியம் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "இந்த சர்வே எண்ணுக்கான இந்தப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. கோப்பைப் புரட்டும்போது நாம் கேட்கத் தெரியாத காகிதமும் கண்ணில் படும்.

3. பொறுப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். குடிக்க, குளிக்க உதவும் ஊரணி பெரும்பாலும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. நிலம் எப்படியும் வருவாய்த் துறைக் கணக்கில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு மனுவையும் பராமரிக்கிற துறைக்கு ஒன்று, வட்டாட்சியருக்கு ஒன்று என இரண்டு பிரதி போடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது மற்றவருக்கு 'அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்று பதில் வரும். எங்கள் கோப்பில் அப்படி ஐந்து பதில் இருக்கிறது.

4. ஊராரிடம் வரவைச் சொல்லி ஆள் சேருங்கள்

சுற்றுச்சூழல், பல்லுயிர் என்று பேசியபோது டீக்கடையில் எல்லோரும் தலையாட்டினார்கள். கையெழுத்துப் போட ஆறு பேர்தான் வந்தார்கள். வரவு என்ன என்று பேசிய பிறகுதான் ஊர் கூடியது.

முதலில் வண்டல். மாவட்ட அரசிதழில் அறிவித்த கண்மாய்களிலிருந்து விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம். 2024 முதல் அதற்கு அனுமதி தருவது தாசில்தார். ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90 கன மீட்டர். டிராக்டர் வாடகை மட்டும் நம் செலவு. உங்கள் கண்மாய் அந்த அறிவிப்பில் இருக்கிறதா என்று ஏப்ரலிலேயே கேளுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். மழை இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. இந்த அனுமதியைக் காட்டிச் செங்கல் சூளைக்கு மண் போகிற ஊர்களும் உண்டு. அதனால் எங்கள் ஊரில் மடை பக்கம் ஒருவரை உட்காரவைத்து லோடு எண்ணினோம்.

அடுத்தது கிணறு. கண்மாயை ஒட்டிய பதினோரு கிணற்றில் கயிறு விட்டு, மாதா மாதம் தண்ணீர் மட்டத்தைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதினோம். வாய்க்கால் திறந்த வருடத்துக்கும் அதற்கு முந்தைய வருடத்துக்கும் இருந்த வித்தியாசத்தை அந்த நோட்டில் பார்த்தவர்கள் பிறகு எங்களைக் கேள்வி கேட்கவில்லை. தாசில்தார் மேசையிலும் அந்த நோட்டு வேலை செய்தது.

அப்புறம் மீன் ஏலம், ஆட்டு மேய்ச்சல், கோடையில் கிடை போட வரும் கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு ஓட்டி வருபவர்கள்), கரைப் பனையில் நுங்கும் ஓலையும். சின்ன வரவுதான். ஆனால் நிலம் இல்லாதவர்களுக்குக் கண்மாயிலிருந்து கிடைப்பது இது மட்டும்தான். ஆயக்கட்டுதாரர்களை மட்டும் வைத்துக் குழு அமைத்தால் ஊரில் பாதிப்பேர் ஒதுங்கிவிடுவார்கள். நாங்கள் அப்படி ஒதுக்கிவைத்து, ஆறு மாதம் கழித்து வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். ஆடு மேய்க்கிற பெண்கள் இருவர் வந்த பிறகுதான் எந்த எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்பதே தெரிந்தது.

5. கிராம சபையில் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்துக்கு இந்த ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கண்மாய்ப் பேச்சுக்கு அதுதான் தோதான நாள்.

அன்று காலை எழுந்து பேசினால் மட்டும் போதாது. பொருளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தேர்தல் நடக்காமல் தலைவர் இல்லாத ஊரில் தனி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். எல்லா சர்வே எண்ணும், பரப்பும், "அளந்து எல்லைக்கல் நட்டு ஆக்கிரமிப்பை அகற்றக் கோருவது" என்ற வாசகமும் அதில் இருக்கட்டும். "நீர்நிலைகளைப் பாதுகாப்பது எனத் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எங்கும் நிற்க முடியாது.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊருக்கு 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர் வர வேண்டும். 83 பேர்தான் வந்தார்கள் என்று எங்கள் முதல் தீர்மானத்தை ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த சபைக்கு மூன்று மாதம் காத்திருந்தோம். தீர்மான நகலை அந்த வாரமே வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் மறுபடி 10 ரூபாய் வில்லை.

6. அளவீடு

பட்டா நிலத்தை அளக்கப் பணம் கட்டினால் சர்வேயர் வருவார். புறம்போக்கை அளக்கத் தாசில்தார் உத்தரவு வேண்டும். அதற்கான மனுவை எந்த நாளும் கொடுக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை சிறந்த நாள் ஜமாபந்தி. மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்கையெல்லாம் விரித்துவைத்துச் சரிபார்க்கிற நேரம் அது. உங்கள் வி.ஏ.ஓ. கணக்கோடு அங்கேயே நிற்பார். எங்கள் கண்மாய் அளவீட்டு உத்தரவு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் ஏழு மனுவுக்குப் பிறகும் வராமல், ஜமாபந்தியில் வந்தது.

அளக்கும் நாள் அறுவடைக்குப் பிறகு, தண்ணீர் வற்றிய நேரமாக இருக்கட்டும். பக்கத்துப் பட்டாக்காரர்கள் அத்தனை பேருக்கும் அறிவிப்புப் போயிருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஒருவருக்குப் போகவில்லை என்றாலும் அளவீடே செல்லாது என்று வாதாடுவார்கள். சீமைக்கருவேல் மறைத்தால் பார்வைக்கோட்டுக்கு வேண்டிய அளவு வெட்ட அனுமதி வாங்கிக்கொண்டே கை வையுங்கள். அந்த மரமும் அரசுச் சொத்து, ஏலத்துக்கு உரியது. நாங்கள் ஆர்வத்தில் வெட்டிவிட்டு, பொதுச்சொத்துச் சேதம் என்று எதிர்மனு வாங்கினோம்.

கல் நட்டவுடன் ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள், எண் எழுதுங்கள், ஜிபிஎஸ் புள்ளியோடு சேமியுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கையோடு கேளுங்கள்.

7. ஆக்கிரமிப்பு

ஊர் உடைகிற இடம் இது. எல்லா ஆக்கிரமிப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். எங்கள் கண்மாயில் மூன்று ஏக்கருக்குக் கம்பிவேலி போட்டுத் தென்னை வைத்தவர் ஒருவர். வீடு கட்ட வேறு இடமில்லாமல் வாய்க்கால் ஓரம் குடியிருந்தவை நாலு குடும்பம். நாலு குடும்பத்துக்கும் மாற்று வீட்டுமனை கேட்டு மனு எழுதியது நாங்களேதான். அதன்பிறகு அவர்களே அளவீட்டுக்குச் சாட்சியாக வந்தார்கள். மனை கிடைக்கத் தாமதமானது, அதுவரை அந்தப் பகுதியைத் தொட வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தது. சட்டப்படி இது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஊர்ப்படி சரி.

நீர்வளத் துறைக் கண்மாய் என்றால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தில் கேளுங்கள். மற்றப் புறம்போக்குக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். மனுவில் 2014இல் வந்த வருவாய்த் துறை அரசாணை 540ஐயும் குறிப்பிடுங்கள். ஆக்கிரமிப்புப் புகார்களைத் தாசில்தார் எப்படித் தீர்க்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. பொது நிலங்களை மீட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

"எனக்கு பி-மெமோ ரசீது இருக்கிறது" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். ஆக்கிரமித்ததற்காக விதித்த அபராதத்தின் காகிதம் அது, உரிமைப் பத்திரம் ஆகாது. இதற்குள் அந்த நிலத்தை யாரும் விற்றுவிடாமல் இருக்க, சர்வே எண்களின் பட்டியலைச் சார்பதிவாளருக்கு அனுப்பச் சொல்லித் தாசில்தாரிடம் கேளுங்கள். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் புறம்போக்கு நிலப் பத்திரத்தை அவர் மறுக்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத் துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், மாதம் ஒருமுறை பாருங்கள்.

நீதிமன்றம் கடைசிப்படி. முறையான மனுவும் ஒப்புகையும் இல்லாமல் போனால், முதலில் மனுக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100இல் கூப்பிடலாம். நாங்கள் அதுவரை போகவில்லை.

8. பல்லுயிர்ப் பதிவேடு (நிதானமாக, ஒரு வருடம்)

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரிலும் காகிதத்தில் இருக்கும். உறுப்பினர் யார் என்று கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அந்தக் குழு மூலம் ஊரிலுள்ள பறவை, மீன், மூலிகை, நாட்டு ரகம், நாட்டு மாடு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

பதிவேடு வலுவாக இருந்தால், அதே சட்டத்தின் 37ஆவது பிரிவில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கச் சொல்லி மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் முதலில் அப்படி அறிவிக்கப்பட்டது மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.215 ஹெக்டேர். இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. சுற்றியுள்ள ஊர்கள் கிராம சபைத் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் தெருவில் இறங்காமல் அது நடந்திருக்காது. ஆனால் அவர்கள் கையில் ஓர் அரசிதழ் அறிவிப்பும் இருந்தது.

எங்கள் இடம் சின்னது என்று தயங்க வேண்டாம். 2025இல் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில்காடு 4.97 ஹெக்டேர்தான். அறிவித்தால் ஆடு மேய்க்க விடமாட்டார்கள், சாமி கும்பிட விடமாட்டார்கள் என்று ஊரில் பேச்சுக் கிளம்பும். இது வன விலங்குச் சரணாலயம் போன்றது இல்லை, நடைமுறையில் உள்ள ஊர் வழக்கங்களுக்குத் தடை வராது. இதைக் கிராம சபையில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

9. செலவும் காலமும்

எங்களுக்கு ஆனது: வில்லை, நகல், தபால் 1,340 ரூபாய். தாலுகா, கலெக்டர் ஆபீஸ் பஸ் செலவு 4,000க்குக் கொஞ்சம் மேலே. அளவு நாளில் கல் இறக்கி நட்ட கூலியும் சாப்பாடும் 6,200. ஊர்ப்பொதுவில் வசூல் செய்து, ரசீது கொடுத்து, கோயில் சுவரில் கணக்கு ஒட்டினோம். கணக்கு ஒட்டாத மாதம் வசூல் படுத்துவிட்டது.

கணக்கு எடுக்க ஐந்து மாதம், தீர்மானத்துக்கு ஏழு மாதம், அளவீடு வரை இன்னும் எட்டு மாதம், வேலி அகல எட்டு மாதம். குழிகளைத் தவிர்த்தால் ஒரு வருடத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்கிறேன். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். கோப்பு இரண்டு பேர் வீட்டில் இருக்கட்டும். எங்கள் முதல் கோப்பு ஒரு மழையில் போனது.

10. கல் நட்ட பிறகு

கன்று இப்போது நடலாம், கண்மாய்க்கு உள்ளே வேண்டாம். கரைக்குப் பனை. விதை செப்டம்பரில் பொறுக்கி அப்போதே ஊன்றினால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இலிருந்து இருப்பதால், அதுவே ஒரு எல்லைக்கல் மாதிரி நிற்கும்.

ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலை முழுக்க ஒருமுறை நடந்து பாருங்கள், பக்கத்து ஊர் ஆட்களையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வரும்போது கல்லை எண்ணுங்கள். எங்கள் 27 கல்லில் போன வருடம் இரண்டைக் காணோம். ஒன்று சேற்றில் புதைந்திருந்தது. மற்றது கரையோர வீடு ஒன்றில் துணி துவைக்கும் கல்லாக இருந்தது. கல்லைப் பிடுங்குவது குற்றம் என்று சொன்னதும் அந்த அம்மா, "எடுத்துட்டுப் போங்கய்யா, வழுவழுன்னு இருக்கேன்னு வச்சிருந்தேன்" என்றார். கிடைத்த கல்லை நீங்களாகக் கொண்டுபோய் நடாதீர்கள். வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்து, சர்வேயர் வந்து அதே புள்ளியில் நட வேண்டும். நாமே நட்ட கல்லுக்கு மதிப்பில்லை.